பூஜைக்கு வெச்ச கிதாரு

அதுவா, அது கிதாருதாங்க. சரியாத்தான் பாத்தீங்க. ஸ்பேனரு, வெர்னியரு, டிரில் பிட்டு எல்லாத்துக்கும் நடுவுல அது எதுக்குப் படுத்திருக்குதுன்னுதான கேக்கறீங்க? ஆயுத பூஜைங்க. அவனவன் ஆயுதத்த அவனவன் வெக்கறான். என்னுது ரெண்டு. அளவு பாக்கற அந்த வெர்னியரும் என்னுது, அந்த கிதாரும் என்னுது. பொட்டும் நான்தான் வெச்சேன். சந்தனம் மரத்துல ஊறிடக் கூடாதுன்னு ஒரு டேப்பு ஒட்டி அதுக்கு மேல வெச்சிருக்கறேன். சாமிக்கும் குறையில்ல, பாலிசுக்கும் குறையில்ல.

உக்காருங்க. அந்தச் சேரு ஆடும், இதுல உக்காருங்க. கம்ப்ரஸர் பாக்க வந்தவரு நீங்கதான? கோயமுத்தூரா? ஆமா, இன்னிக்கு ஒருத்தனும் மிசினத் தொட மாட்டான். நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுத்தான் உங்களுக்கே ஸ்பேனரு கிடைக்கும். பொரிய எடுத்துக்கினு ஆர்க்கெஸ்ட்ராவப் பாருங்க. இங்கருந்தே ஸ்டேஜு நல்லாத் தெரியும்.

எம் பேரு திம்மராயன். டூல்ரூம்ல ஃபிட்டரு. ஊரு பாகலூரு. வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், கம்பெனில தமிழு. வாசிக்கறதுக்கு மட்டும் பாஷை கிடையாது, அதனால அதப் புடிச்சிகினேன்னு வெச்சிக்குங்களேன்.

இல்லீங்க, சாதா கிதாரு இல்ல. பேஸ் கிதாரு. தந்தி தடிமனா இருக்குது பாருங்க. பாட்டுல டும் டும்னு அடியில ஒண்ணு போயிகினே இருக்கும்ல, அது. ஜனங்களுக்கு அது காதுல விழாது. இருந்தா யாரும் கண்டுக்க மாட்டான், இல்லாட்டி பாட்டு சப்புன்னு இருக்குதுன்னு மட்டும் சொல்லுவான். சாம்பாருல உப்பு மாதிரி. சாதாரணமா நாலு தந்திதான் இருக்கும். இதுல அஞ்சு. மேல ஓரத்துல கயிறு மாதிரி தடியா ஒண்ணு இருக்குது பாருங்க, அதுதான் அடித் தந்தி. நெஞ்சுக்கூட்டுல வந்து முட்டற சுரம் எல்லாம் அதுலதான் இருக்குது.

எதுக்கு அஞ்சுன்னா, எங்க ட்ரூப்புல ஒரு பாட்டுக்காரி. அவளுக்குக் குரல் கொஞ்சம் கீழ. தேன் மாதிரிக் குரலு, ஆனா கீழ. வேற ட்ரூப்புல இருந்தப்ப ஏத்தி ஏத்திப் பாட வெச்சி தொண்டையக் கெடுத்து அனுப்பிட்டாங்க. சுருதிய எறக்கிக் குடுத்தா அவ பாடறது தனி அழகு. ஆனா அவ்ளோ கீழ எறக்கினா நாலு தந்தில எனக்குத் தரை வந்துருது. அதுக்குக் கீழ சுரம் இல்ல. சரி, அவளுக்காக அஞ்சு தந்தி எடுத்துருவோம்னு கெளம்பினேன்.

சிரிக்காதீங்க. கேளுங்க.

பெங்களூர்ல ஏறாத கடையில்ல. கடைக்காரன் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டித்தான் வாசிச்சிக் காட்டுவான். கரண்டு இருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும். நான் என்ன பண்ணுவேன், ஒயரப் புடுங்கிட்டு, கிதாரோட கொம்பு இருக்குது பாருங்க, அதுல தாடைய அழுத்தி வெச்சிகினு அடித் தந்திய ஒரு தட்டு தட்டுவேன். மரம் நல்லா இருந்தா பல்லு அதிரும். இல்லாட்டி தந்தி மட்டும் அதிரும். கடைல இருக்கறவங்க பைத்தியம்னு பாப்பாங்க. பாத்துட்டுப் போவட்டும். நெறைய கிதாருல நாலு தந்தி விறைப்பா இருக்கும், அந்த அஞ்சாவது மட்டும் பழைய கயித்துக் கட்டில் மாதிரி தொங்கும். கழுத்து நீளம் பத்தாதுங்க அதுக்கு. சிலது கழுத்து கனமா இருந்து, தோள்ல மாட்டினா மூக்கக் கீழ தொங்கப் போட்டுக்கும். பாட்டு முழுக்க அதத் தூக்கிப் புடிக்கறதே வேலையாப் போயிரும்.

கடைசில ஆனேக்கல்ல ஒருத்தரு, சர்ச்சுல வாசிக்கறவரு, வெளிநாடு போறேன்னு விக்கறாருன்னு போனேன். தாடைய வெச்சேன். பல்லு அதிர்ந்துச்சு. தாடைய எடுக்காம இன்னொரு வாட்டி தட்டினேன். அந்த ஆளு சிரிச்சிகினே, தகொண்டு ஹோகி அண்ணா, எடுத்துகினு போங்க, அது உங்களுக்குத்தான்னாரு.

அதுக்கப்பறம் நான் பண்ண வேலையெல்லாம் இருக்குதே. தலைக்குக் கீழ தந்தி உக்கார்ற பட்டை பிளாஸ்டிக்குல இருந்துச்சு. இங்க ஸ்கிராப்புல கெடந்த பித்தளைல நானே அறுத்து, ஊசி அரத்துல தந்திக்குப் பள்ளமா காடி எடுத்தேன். உள்ள பூரா செம்புத் தகடு ஒட்டினேன். நம்ம ஏரியால பக்கத்து ஷெட்டுல வெல்டிங் ஓடினாக்கூட கிதாரு உறுமும், அதுக்காக. ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுட்டேன். நடுத் தந்தில அஞ்சாவது கட்டத்துல கை வெச்சா லேசா கிர்ருனு ஒரு சத்தம் வரும். அரத்த எடுத்துத் தேச்சா போயிரும். திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். அந்தக் கிர்ருதாங்க எனக்கு சாட்சியா வந்து நின்னுச்சு. சொல்றேன்.

அந்தா, ஸ்டேஜுல ஜிப்பா போட்டுகினு மைக்கத் தட்டறான் பாருங்க, மோதிரக் கை, அவன்தான் சிவராஜு. ட்ரூப்பு அவனுது. கீபோர்டு வாசிப்பான். ஓசூர்ல செல்போன் கடை வெச்சிருக்கறான். ஒம்பது வருசம் அவங்கூட வாசிச்சேன். கல்யாணம், தேர்த் திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, சந்தாபுரா வரைக்கும். ஷிப்டு முடிச்சி கை கூட கழுவாம ஓடியிருக்கறேன். எங்க ட்ரூப்புல ஒரு பழக்கம். சுருதி பாக்கற மிசினு யாரும் வெச்சிக்க மாட்டான். திம்மராயன் தந்தியத் தட்டுவான், அத வெச்சி எல்லாரும் சேத்துக்குவாங்க. குழலு, தபேலா எல்லாம். ஒரு நாளும் தப்பினது கிடையாது. பாட்டுக்காரியும் அப்பிடித்தான். கீபோர்டக் கேக்கவே மாட்டா. கண்ண மூடிகினு என் மொத சுரத்துக்குக் காத்திருப்பா. அது விழுந்தாத்தான் வாயத் தொறப்பா.

போன வருசம் சிவராஜு ஒரு நாள் கூப்ட்டான். புது மிக்ஸரு வாங்கியிருக்கறேன், லெவல் பாக்கணும், வந்து ஒவ்வொரு சுரமா வாசிச்சிக் காட்டுன்னான். போனேன். ஒரு சுரத்த அடிச்சி, சத்தம் சாவற வரைக்கும் விடு அண்ணேன்னான். விட்டேன். அதையே மெதுவா அடின்னான். அடிச்சேன். பலமா அடின்னான். அதையும் அடிச்சேன். அன்னிக்கு அடித் தந்தி பழசாப் போச்சின்னு கழட்டியிருந்தேன், அதனால மீதி நாலு தந்திலயும் கீழருந்து மேல வரைக்கும் எல்லாத்தையும் வாசிச்சிக் குடுத்தேன். அவன் பிரியாணி வாங்கிக் குடுத்தான். நானும் இளிச்சிகினு சாப்ட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் கூப்புடறதில்ல. இந்த வாட்டி சின்ன செட்டுண்ணே, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ணேம்பான். அப்பிடியே போயிகினு இருந்துச்சு. ஒரு நாள் தொரப்பள்ளில ஒரு கல்யாணம். சொந்தக்காரங்க. பந்தில உக்காந்து எலையில கை வெக்கறேன், அந்தப் பக்கம் பாட்டு ஓடுது. சிவராஜு ட்ரூப்பு. கேக்கறேன், பேஸு வருது. எவனப் புதுசாப் போட்டான்னு எட்டிப் பாத்தா ஆளே இல்ல. நடுத் தந்தி, அஞ்சாவது கட்டம், கிர்ருனு வருதுங்க. என் கிர்ரு. என் கிதாரு வீட்டுல ஆணில தொங்குது, என் கையி ரசஞ்சோத்துல இருக்குது, நான் வாசிக்கறது காதுல கேக்குது.

புரியலியா. நான் லெவலு பாக்கன்னு வாசிச்சிக் குடுத்தேன்ல, அத ஒவ்வொரு சுரமா ரிக்கார்டு பண்ணி, கீபோர்டுல ஒவ்வொரு கட்டைக்கும் ஏத்தி வெச்சிட்டான். அவன் இடது கையால ஒரு கட்டைய அமுக்கினா, என் விரலு அடிச்ச அதே சத்தம் வரும். மெதுவா அமுக்கினா மெதுவா, பலமா அமுக்கினா பலமா. ஆளு வேணாம், ஆளோட விரலு மட்டும் போதும். ட்ரம்ஸ் வாசிக்கற சமியுல்லாதான் கை கழுவற எடத்துல வந்து, அண்ணே, எனக்கு முன்னயே தெரியும், எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலன்னு அழுவாத கொறையா நின்னான். என் விரல வெச்சே என் கண்ணக் குத்திட்டாங்க. பாயசம் வர்ற வரைக்கும்கூட நான் உக்காரல.

சண்டையா? எதுக்குங்க. சண்ட போட்டா அன்னிக்கே ஆறிப் போயிரும். எனக்கு அது ஆறக் கூடாது.

ட்ரூப்புல இருக்கறவங்க யாராச்சும் ஒரு வார்த்த கேப்பாங்கன்னு பாத்தேன். சமியுல்லாவுக்கு மூணு பொட்டப் புள்ளைங்க, அவன விட்டுருங்க. அந்தப் பாட்டுக்காரி கேட்டிருக்கலாம். அவளுக்காகத்தான கிதாரே மாத்தினேன். நீ இல்லாம நான் பாட மாட்டேன்னு அவ சொல்லியிருந்தா சிவராஜுக்கு வேற வழி கிடையாது. கேட்டும் பாத்தேன். பாட்டு போயிட்டா எனக்கு என்ன இருக்குது, நீங்க கோவத்துல இருக்கறீங்க, போவப் போவ சரியாயிரும்னுட்டா. அப்பறம் அவ பாட்டுக்குப் போவா, பாடுவா. என் சத்தத்துக்கு மேல நின்னுகினே பாடுவா.

இப்ப இந்த வருசம் நம்ம கம்பெனி பூஜைக்கு யாரப் புக் பண்ணியிருக்கறாங்கன்னு பாருங்க. எச்சார் ஆபீசுல பிரியதர்ஷினி மேடம் ஆசையா வந்து, திம்மராயன், உங்க ட்ரூப்பத்தான் போட்டிருக்கறோம், சந்தோசமாங்கறாங்க. கேன்டீன்ல எல்லாரும், அண்ணே, உங்க வாசிப்ப நம்ம கம்பெனிலயே கேக்கப் போறோம்ங்கறான். நான் என்ன சொல்லட்டும். நான் வாசிக்கல, ஆனா என்னத்தான் கேப்பீங்கன்னா? சும்மா தலையாட்டினேன்.

அப்பத்தான் தானா வந்து மாட்டினாங்க. அந்தா கருப்பா பீரோ கணக்கா நிக்குது பாருங்க ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, அது பெங்களூர்ல இருந்து வந்திருக்குது. அடி சத்தத்துக்குன்னே உள்ள பெட்டி. அதுல என் அடித் தந்தி மாதிரி ஒண்ண விட்டாத்தான் ஜனங்க நெஞ்சுல முட்டும். சிவராஜுகிட்ட அந்தத் தந்தி மட்டும் இல்ல. அன்னிக்குக் கழட்டி வெச்சிருந்தேன்னு சொன்னேன்ல. அவனுக்கு எங்கிட்ட வந்து கேக்க மூஞ்சி கிடையாது. அதனால பாட்டுக்காரிய விட்டு அனுப்பினான்.

போன ஞாயித்துக்கிழம காலைல கையில சின்னதா ஒரு ரிக்கார்டர வெச்சிகினு வந்து நிக்கறா. பாடிப் பழகறதுக்கு வேணும், அடித் தந்தில எல்லா சுரத்தையும் வாசிச்சிக் குடுங்கங்கறா. சரின்னேன். ஒயரு எங்க இருக்குது, பிளக்கு எங்க இருக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அவளே எடுத்து மாட்டினா. அரிசி டிரம்மு மேல ரிக்கார்டர வெச்சா. ஒரு சுரம் அடிச்சேன். சத்தம் சாவற வரைக்கும் விடுங்கங்கறா. அப்பறம், இதையே கொஞ்சம் மெதுவாங்கறா. அப்பறம் பலமாங்கறா.

பாடிப் பழகறதுக்கு எதுக்குங்க மெதுவாவும் பலமாவும்?

நான் நிமிந்து பாத்தேன். அவ ரிக்கார்டரோட லைட்டையே பாத்துகினு இருக்கறா. என்னப் பாக்கல. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு எந்திரிச்சிப் போயி, வந்து உக்காந்து, தந்தி கொஞ்சம் ஏறிப் போச்சு, சரி பண்ணிட்டு மொதல்லருந்து வாசிக்கறேன்னேன். தலைல இருக்கற அந்த முறுக்காணிய லேசா தளத்தினேன். நூலு அளவுதான். கால் சுருதிகூட எறங்கியிருக்காது. அப்பறம் பொறுமையா எல்லாத்தையும் வாசிச்சிக் குடுத்தேன். மெதுவா, பலமா, அவ கேட்ட மாதிரியே.

கண்டுபிடிக்க முடியாதுங்க. ஒத்தையாக் கேட்டா எந்த சுரமும் சரியாத்தான் இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு வந்து நின்னாத்தான் தப்புத் தெரியும். அதுவும் சின்ன ஸ்பீக்கர்ல அடித் தந்தி சுரம் சரியாவே காதுல விழாது. இந்த மாதிரிப் பெட்டில விட்டாத்தான் அது யாருன்னு தெரியும். சிவராஜு சோதிக்க மாட்டானான்னு கேக்கறீங்க. அவனுக்கு இன்னிக்குக் காலைலதான் கைக்குப் போச்சு. அதுவும் திம்மராயன் சுருதிய எவனாச்சும் சோதிப்பானா? அதுதான் சொன்னேனே, எங்க ட்ரூப்புல அந்தப் பழக்கமே கிடையாதுன்னு.

எல்லாம் எடுத்து முடிச்சதும் ஒயர சுத்திகினே ஒரே ஒரு வாட்டி கேட்டா. சுருதி சரியா இருக்குதில்லன்னு. சரியாத்தான் இருக்குதுன்னேன். இத்தன வருசத்துல சுருதி விசயத்துல நான் அவகிட்ட பொய் சொன்னது இல்ல. அதனால நம்பிட்டா.

மொதப் பாட்டு சாமி பாட்டு. ஆரம்பத்துல வேற வாத்தியமே கிடையாது. அடி சுரம் ஒண்ணு நீளமாப் போவும், அதுல சுருதி புடிச்சி அவ தனியாப் பாடுவா. ரெண்டு அடி பாடினதும் குழலும் மத்ததும் வந்து சேரும். அப்பிடி வெச்சா நல்லா இருக்கும்னு ஒரு காலத்துல நான்தான் சொன்னேன். இப்பவும் அத மாத்தல. இன்னிக்கு அவ என் பொய்யில சுருதி புடிப்பா. குழலு நெஜத்துல வந்து நிக்கும்.

மாட்டறது சிவராஜு இல்லியேங்கறீங்க. தெரியுங்க. ஜனங்களுக்கு பேஸு காதுல விழாதுன்னு மொதல்லயே சொன்னேனே. சுருதி கெட்டா பாடறவளத்தான் பாப்பாங்க. அந்தப் பொண்ணு பாவம்னு சொல்லாதீங்க. சிவராஜு கடைக்காரன், லாபம் எங்கியோ அங்க கை வெப்பான். அவனுக்கும் விழும், ட்ரூப்பு பேரு கெடும், அடுத்த வருசம் எந்தக் கம்பெனியும் கூப்புடாது. ஆனா அவ வேற. எங்கிட்ட வாங்கி எங்கண்ணையே குத்தறதுக்குன்னு, சிவராஜு குத்தினது பத்தாதுன்னு ரெண்டாவது தரம் வந்தா பாருங்க, அதுவும் என் மூஞ்சியப் பாக்காம, அத நான் விடறதா இல்ல.

இல்லீங்க, நான் போயி வாசிச்சா சரியாயிரும். நெஜந்தான். அந்த கிதார எடுத்துகினு ஸ்டேஜு ஏற எவ்ளோ நேரம் ஆவும். கூப்புடுவாங்க, பாருங்க. அதுக்காகத்தான அத அங்க கொண்டு வந்து படுக்க வெச்சேன். பூஜைக்கு வெச்ச ஆயுதத்த நாளைக்குத்தான் எடுக்கணும். மேனேஜரே வந்து கேட்டாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவங்க வாத்தியமா? ஷோ இருக்கறவங்க பூஜைய நாளைக்குத் தள்ளி வெச்சிக்குவாங்க. எனக்குத்தான் ஷோ இல்லியே.

வந்துட்டா பாருங்க. மெரூன் பொடவ. அவதான். சத்யப்ரியா. நம்ம ஆளுங்க எப்பிடிக் கை தட்டறாங்க பாருங்க. கண்ண மூடிட்டா.

விழுந்துச்சுங்க. சேருக் காலு அதிருதா? கைய வெச்சிப் பாருங்க. அதுதான் என் அடித் தந்தி. பித்தளப் பட்டை, செம்புத் தகடு, எல்லாம் அதுல இருக்குது. பாடறா. ஆமாங்க, நல்லாத்தான் இருக்குது. நல்லாப் பாடுவா, அதுல ஒரு கொறையும் இல்ல. ஒத்தையா இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

இப்பப் பாருங்க. குழலு.

கேட்டுச்சா? உங்களுக்கே தெரிஞ்சி போச்சில்ல. முன்னாடி வரிசைல பாருங்க, புளியங்கா கடிச்ச மாதிரி மூஞ்சி. சிவராஜு அவள மொறைக்கறான். அவளத்தான் மொறைக்கறான், தன் கைய அவன் பாக்கவே இல்ல. அவ ஏத்திப் புடிக்கப் பாக்கறா. முடியாது. அடியில நான் விட மாட்டேன். ஏத்தினா என்கூட ஒட்டாது, எறக்கினா குழலுகூட ஒட்டாது.

கண்ணத் தொறந்துட்டா. கீபோர்டுப் பக்கம் திரும்பல பாத்தீங்களா. ஜனங்களுக்குள்ள தேடறா. அடித் தந்தி தப்புச் சொல்லுதுன்னா அத யாரு சொல்ல வெச்சதுன்னு அவளுக்குத் தெரியாமயா போவும்.

இல்லீங்க, உங்களப் பாக்கல. என்னத்தான் பாக்கறா. எம் பொண்டாட்டிதாங்க. காலைல பாகலூர்ல இருந்து என் வண்டில பின்னாடி உக்காந்து, அந்த கிதாரு பைய முதுகுல மாட்டிகினு வந்தா. பொட்டு வெக்கறப்ப டேப்பு கிழிச்சிக் குடுத்ததும் அவதான். பாட்டு முடிஞ்சா அதே வண்டிலதான் திரும்பிப் போவணும்.

பொரிய எடுத்துக்குங்க. நமுத்துப் போவுது பாருங்க.